ஒரு நம்பர்... மூணு வருஷ ஞாயிற்றுக்கிழமை!

இந்த எண்ணைக் கொஞ்சம் உத்துப் பாருங்க.

147573952589676412927

பேங்க் அக்கவுன்ட் நம்பர் இல்லை. செமஸ்டர் ஹால் டிக்கெட் நம்பரும் இல்லை. எண்ணிப் பார்த்தா 21 இலக்கம். நம்ம ஊர்க் கணக்குல வாயால சொல்லணும்னா, சுமார் பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி!

'அதனால எனக்கென்ன பாஸ்?'னு பக்கத்தைத் திருப்பப் பார்க்கறீங்கதானே? ஒரு நிமிஷம் இருங்க. இந்த ஒத்தை நம்பர், கணித மேதைகள் நிறைஞ்ச ஒரு உலகத்தையே 232 வருஷம் ஏமாத்துச்சு. அதே நம்பர், இன்ஜினீயரிங் படிக்கிற என்னை ரெண்டே செகண்டுல ஏமாத்துச்சு. அவங்களாவது பேனாவும் பேப்பரும் வெச்சிருந்தாங்க. என்கிட்ட லேப்டாப்பே இருந்தது. அசிங்கம்தான். ஆனா, சொல்றேன்!

செஸ் போர்டுக்கு மூணு கட்டம் வெளியே...

செஸ் போர்டும் அரிசி மணியும் கதை உங்களுக்குத் தெரியும். முதல் கட்டத்துல ஒரு மணி, அடுத்ததுல ரெண்டு, அப்புறம் நாலு, எட்டுனு இரட்டிப்பு ஆகிக்கிட்டே போகும். 64 கட்டமும் நிறைஞ்சா மொத்த அரிசி 2⁶⁴ − 1. அந்தப் பலகைக்கு வெளியே இன்னும் மூணே மூணு கட்டம் ஒட்டி, 67 கட்டமும் நிரப்பினா வர்ற மொத்தம்தான் மேலே பார்த்த எண். அதாவது 2⁶⁷ − 1. ரெண்டை 67 தடவை எழுதிப் பெருக்கி, அதுல ஒண்ணு கழிச்சா முடிஞ்சது.

இப்படி '2-ன் அடுக்கு கழித்தல் ஒன்று'னு வர்ற எண்களுக்கு மெர்சென் எண்கள்னு பேரு. அடுக்கு 2-ன்னா 3, அடுக்கு 3-ன்னா 7, அடுக்கு 5-ன்னா 31, அடுக்கு 7-ன்னா 127. நாலுமே பகா எண்கள், அதாவது பிரைம். 'ஆஹா, அடுக்கு பகா எண்ணா இருந்தா விடையும் பகா எண்ணா?'னு ஆசையா அடுத்த அடிக்குப் போனா, அங்கேயே சறுக்கல். அடுக்கு 11-க்கு வர்றது 2047. அது 23 × 89. புட்டுக்கிச்சு!

ஆக, எது தேறும், எது தேறாதுனு ஒவ்வொண்ணாப் பார்த்தாத்தான் தெரியும்.

துறவி போட்ட லிஸ்ட்

மரின் மெர்சென், பாரிஸில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவத் துறவி. தெகார்த், ஃபெர்மா, பாஸ்கல்னு அந்தக் காலத்து ஜாம்பவான்கள் அத்தனை பேருக்கும் லெட்டர் போட்டு, ஒருத்தர் கண்டுபிடிச்சதை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கிட்டிருந்தவர். இன்னிக்கு இருந்திருந்தா, சந்தேகமே இல்லாம அவர்தான் குரூப் அட்மின்!

1644-ல் ஒரு புத்தகத்துல அவர் ஒரு லிஸ்ட் கொடுத்தார். அடுக்கு 257 வரைக்கும் எடுத்துக்கிட்டா, பகா எண் தர்றது இதெல்லாம்தான்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. எப்படிக் கண்டுபிடிச்சார்னு புத்தகத்துல விளக்கம் கிடையாது. 21 இலக்க எண்ணைச் சோதிக்க அந்தக் காலத்துல ஒரு வழியும் கிடையாது. ஆனா சொன்னவர் பெரிய மனுஷர். மறுத்துச் சொல்லவும் யாராலும் முடியலை. 31 சரிதான்னு ஆய்லர் நிரூபிச்சதே 1772-லதான்.

இப்போ என் கதைக்கு வர்றேன். டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு 'ராட்சச எண்கள்'னு ஒரு பேப்பர் பிரசன்டேஷன். மெர்சென் லிஸ்ட்டை ஸ்லைடுல போட்டாச்சு. சும்மா கெத்துக்கு, நானே சி லாங்குவேஜ்ல ஒரு புரோகிராம் எழுதி அதைச் சரிபார்த்த மாதிரி காட்டலாம்னு உட்கார்ந்தேன். அடுக்கைக் கொடுத்தா 'பிரைம்' அல்லது 'இல்லை'னு ஸ்க்ரீன்ல வரும். 31 கொடுத்தேன், பிரைம். 61 கொடுத்தேன். மெஷின் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு பிரைம்னு சொல்லுச்சு. 67 கொடுத்தேன். கண்ணிமைக்கிற நேரத்துல பிரைம்!

மெர்சென் சொன்னதும் மெஷின் சொன்னதும் ஒண்ணு. ஸ்லைடுல பெருசா ஒரு டிக் மார்க் போட்டேன்.

ராத்திரி ரூம்மேட் பார்த்துட்டு ரெண்டே கேள்வி கேட்டான். 'டேய், 61 இந்த லிஸ்ட்லயே இல்லையேடா? அதை விட்டாலும், 61-க்கு அவ்வளவு நேரம் எடுத்த மெஷின், அதை விடப் பெரிய 67-க்கு எப்படிடா உடனே சொல்லும்?'

எனக்குச் சுருக்குனு இருந்தது. எந்த எண்ணைச் சோதிக்குதுனு பிரிண்ட் பண்ணிப் பார்த்தேன். ஸ்க்ரீன்ல வந்தது...

7.

21 இலக்கம் இல்லை மக்களே. வெறும் ஏழு! நான் பயன்படுத்தின மாறியில 64 பிட்தான் இடம். செஸ் போர்டு மாதிரியே, 64 கட்டத்தோட சரி. 67-க்கு அதுல இடம் இல்லாததால, மெஷின் சத்தமில்லாம 64-ஐக் கழிச்சுட்டு மிச்சம் 3-ஐ எடுத்துக்கிச்சு. 2³ − 1 = 7. ஏழு பகா எண்ணானு கேட்டா, ஆமான்னுதானே சொல்லும்? அது மேல தப்பே இல்லை. டிக் மார்க் போட்டவன் மேலதான்.

'தப்பு'... ஆனா எங்கே தப்பு?

மெர்சென் லிஸ்ட்டுக்கு முதல் அடி 1876-ல் விழுந்தது. அடிச்சவர் எத்வார் லூக்கா, பிரெஞ்சுக்காரர். அடுக்கு 67-க்கு வர்ற எண் பகா எண் இல்லைனு நிரூபிச்சார். வேடிக்கை என்னன்னா, அதை எது வகுக்கும்னு அவரால சொல்ல முடியலை!

'அதெப்படி? வகுக்கிற எண்ணைக் காட்டாம, பகு எண்ணுன்னு எப்படிச் சொல்ல முடியும்?' நியாயமான கேள்வி. லூக்காவோட ஐடியாவைப் பின்னாடி 1930-கள்ல லேமர் எளிமையாக்கினார். அந்த வடிவத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

4-ல ஆரம்பிங்க. வர்க்கம் எடுத்து 2 கழிங்க. வர்றதை நீங்க சோதிக்கிற எண்ணால வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்கங்க. திரும்பத் திரும்ப இதையே செய்யுங்க. அடுக்கை விட ரெண்டு குறைச்ச தடவை செஞ்சதும் மீதி 0 வந்தா பகா எண். வரலைன்னா இல்லை.

31-ஐச் சோதிப்போம். அடுக்கு 5, ஆக மூணு தடவை. 4-ன் வர்க்கம் 16, ரெண்டு போக 14. அடுத்து 196-ல ரெண்டு போக 194, அதை 31-ஆல வகுத்தா மீதி 8. அடுத்து 64-ல ரெண்டு போக 62, மீதி 0. பாஸ்! இதே மாதிரி 2047-க்கு ஒன்பது தடவை செஞ்சா கடைசியில 1736 நிக்கும். பூஜ்ஜியம் இல்லை. அதனால ஃபெயில். 23-ஐயோ 89-ஐயோ நாம கண்ணாலகூடப் பார்க்கலை, கவனிச்சீங்களா? நம்ம 21 இலக்க ஆளுக்கு இந்தச் சோதனை 65 தடவை.

டாக்டர் 'உடம்புல ஏதோ கோளாறு இருக்கு'னு சொல்றதும், 'இந்த இடத்துல இதுதான் கோளாறு'னு சொல்றதும் வேற வேற இல்லையா? லூக்கா சொன்னது முதலாவது. ரெண்டாவதைச் சொல்ல ஆள் கிடைக்க மேலும் 27 வருஷம் ஆச்சு.

பேசாத பேச்சு

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தோட கூட்டம். மேடைக்கு வந்தவர் ஃபிராங்க் நெல்சன் கோல். வயசு 42, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். பெரிய எண்களைக் காரணிப்படுத்துறதுதான் அவரோட தலைப்பு.

அன்னிக்கு நடந்ததா, கணித வரலாற்றுக் கதைகளை எழுதின எரிக் டெம்பிள் பெல் சொல்றது இது. கோல் வாயே திறக்கலை. நேரா போர்டுக்குப் போனார். 2-ன் அடுக்கு 67-ஐ கையாலேயே கணக்குப் போட்டு, ஒண்ணு கழிச்சு, அந்த 21 இலக்கத்தையும் எழுதினார். அப்புறம் போர்டுல காலியா இருந்த இடத்துக்கு நகர்ந்து இதை எழுதினார்:

193707721 × 761838257287

சின்னப் பசங்க மாதிரி வரிசை வரிசையா பெருக்கிக் கூட்டினார். ரெண்டு விடையும் ஒண்ணு. ஒரு வார்த்தை பேசாம வந்து நாற்காலியில உட்கார்ந்துட்டார். கூட்டம் கைதட்டுச்சு. ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கலை. கேட்க என்ன இருக்கு?

இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆச்சுனு பின்னாடி பெல் அவர்கிட்டே கேட்டாராம். மூணு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்னு பதில் வந்ததாம்.

ஏன் அவ்வளவு நாள்? 2⁶⁷ − 1-ஐ வகுக்கிற எந்தப் பகா எண்ணும், 134-ன் மடங்கை விடச் சரியா ஒண்ணு அதிகமா இருக்கணும்னு ஒரு விதி உண்டு (134-ங்கறது 67-ன் ரெண்டு மடங்கு). 135, 269, 403-னு அந்த வரிசையில போய்க்கிட்டே இருந்தா, சின்னக் காரணியான 193707721 வர்றது 14,45,580-வது இடத்துல! 8-ஆல வகுத்தா மீதி 1 அல்லது 7 வரணும்னு இன்னொரு விதியும் இருக்கு. அதுல பாதி கழியும். இன்னும் என்ன சல்லடை போட்டுச் சலிச்சாலும் பல்லாயிரக்கணக்குல மிஞ்சும். அத்தனையையும் 21 இலக்க எண்ணுல கையால வகுத்துப் பார்க்க ஒரு ஆயுள் போதாது. கோல் அப்படி ஒவ்வொண்ணா வகுத்துக்கிட்டு உட்காரலை. வர்க்க எண்களோட மீதிகளை வெச்சு, காரணி எந்தெந்த வடிவத்துல இருக்க முடியாதுனு கழிச்சுக் கழிச்சு வட்டத்தைச் சுருக்கினார். அப்படியும் மூணு வருஷம்!

பயோடேட்டா

பெயர்: 2⁶⁷ − 1

குலம்: மெர்சென் எண்

இனம்: ஒற்றைப்படை, பகு எண்

பெற்றோர்: 193707721, 761838257287. ரெண்டுமே பகா எண்கள்

பைனரியில்: வரிசையா 67 ஒன்றுகள். மருந்துக்குக்கூட ஒரு பூஜ்ஜியம் கிடையாது

இலக்கங்களின் கூட்டுத்தொகை: 109. அதனால 3-ஆல வகுபடாது

உடல்நிலை: 'குறை எண்'. தன்னைத் தவிர தன்னை வகுக்கிற எல்லாத்தையும் (1-ஐயும் சேர்த்துத்தான்) கூட்டினா வர்றது 762031965009. தன் உயரத்துக்குப் பக்கத்துலகூட வரலை

தவறவிட்ட பதவி: இது மட்டும் பகா எண்ணா இருந்திருந்தா, இதை 2⁶⁶-ஆல பெருக்கி ஒரு 'நிறைவெண்' கிடைச்சிருக்கும். 6, 28 மாதிரி, தன் வகுத்திகளோட கூட்டுத்தொகைக்குச் சமமான எண்

கெட்ட பழக்கம்: மாறுவேஷம்

அந்தக் கடைசி வரியை மட்டும் விளக்கிடறேன். ஃபெர்மா சொன்ன ஒரு சோதனை இருக்கு. 7-ஐ எடுங்க. 2⁷ = 128. ரெண்டு கழிச்சா 126. அது 7-ஆல மீதியில்லாம வகுபடும். எல்லாப் பகா எண்ணும் இப்படி வகுபடும். 9-ஐ எடுத்தா, 512-ல ரெண்டு போக 510. 9-ஆல வகுத்தா மீதி 6. அதனால 9 பகா எண் இல்லை. சூப்பர் சோதனை! ஆனா சில பகு எண்கள் பகா எண் வேஷம் போட்டுக்கிட்டு இந்த வாசலை ஜம்முனு தாண்டிடும். அதுல மிகச் சின்னது 341 (11 × 31). நம்ம 21 இலக்க ஆளும் அந்த கேங்தான். இந்தச் சோதனையை வெச்சுப் பார்த்தா, இவர் அப்பழுக்கில்லாத பகா எண்!

மெர்சென் ஏமாந்தார், நான் ஏமாந்தேன், ஃபெர்மாவோட வாட்ச்மேனும் ஏமாந்துட்டார். பயங்கரமான ஆளு சார் இவரு.

உங்க பாக்கெட்டுக்குள்ளே...

'சரி, 120 வருஷத்துக்கு முந்தின கணக்கு. இப்ப எதுக்கு?'

உங்க போன்ல பேங்க் வெப்சைட்டைத் திறக்கும்போது சின்னதா ஒரு பூட்டுப் படம் வருதே, அது எதை நம்பிப் பூட்டியிருக்கு? 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன்னு மூணு பேர் உருவாக்கின ஆர்.எஸ்.ஏ. முறை இன்னிக்கும் பல வெப்சைட்களோட சான்றிதழ்கள்ல இருக்கு. அதோட அடிப்படை, கோல் போர்டுல காட்டின அதே வித்தைதான். ரெண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கறது ரொம்ப சுலபம். பெருக்கி வந்த விடையை மட்டும் கையில கொடுத்து, 'இதைப் பிரி'ன்னா மென்னி முறியும்.

அந்த 1977-லயே 129 இலக்க எண் ஒண்ணைச் சவாலா விட்டாங்க. அது உடைஞ்சது 1994-ல. இன்டர்நெட் வழியா சுமார் 600 பேர் சேர்ந்து எட்டு மாசம் உழைச்சாங்க. 250 இலக்க எண் ஒண்ணு 2020 பிப்ரவரியில உடைஞ்சது. இப்ப வழக்கமாப் பயன்படுத்துற பூட்டுகள்ல 617 இலக்கம். கோலுக்கு 21 இலக்கத்துக்கே மூணு வருஷம்னு ஞாபகம் வெச்சுக்கங்க!

இதுல நம்ம வயசுக்காரங்களுக்கு ஒரு இனிப்பான சேதி. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்ணா இல்லையானு, யூகமே இல்லாம, வேகமாச் சொல்ற வழி ஒண்ணு உண்டானு கணித உலகம் ரொம்ப காலம் தேடிக்கிட்டிருந்தது. 2002 ஆகஸ்ட்டுல அதைக் கண்டுபிடிச்சது ஐ.ஐ.டி. கான்பூரைச் சேர்ந்த மூணு பேர். பேராசிரியர் மணீந்திர அகர்வால், அப்புறம் பி.டெக். முடிச்ச கையோட நின்ன ரெண்டு பசங்க... நீரஜ் கயால், நிதின் சக்சேனா. ஆமாங்க, பி.டெக்! நாம புராஜெக்ட்டை எந்தக் கடையில வாங்கலாம்னு விசாரிக்கிற அதே வயசு.

ஆனா அந்த வழியும் லூக்கா மாதிரிதான். 'இது பகு எண்'னு சொல்லிடும். காரணி என்னன்னு சொல்லாது. அதைச் சொல்ற வேகமான வழியை, சாதாரண கம்ப்யூட்டர்ல ஓடுற மாதிரி, இன்னும் யாரும் வெளியிடலை. அதுவரைக்கும்தான் நம்ம பூட்டுக்கு மதிப்பு.

மெர்சென் லிஸ்ட்டையும் பின்னாடி முழுசா அலசிட்டாங்க. 67-ம் 257-ம் தப்பு. 61, 89, 107 மூணையும் விட்டுட்டார். அதாவது, லிஸ்ட்ல இல்லாத 61-ஐ பிரைம்னு என் மெஷின் சொன்னப்போ அது சொன்னதுதான் சரி. நான்தான் கண்டுக்கலை. இருந்தாலும் மெர்சென் பேர் அழியலை. 2024 அக்டோபர்ல கண்டுபிடிச்ச பகா எண் 2-ன் அடுக்கு 136279841 கழித்தல் 1. அதுல 4,10,24,320 இலக்கம். அதுவும் மெர்சென் எண்தான்!

அடுத்த ஞாயித்துக்கிழமை...

புரோகிராமை 128 பிட்டுக்கு மாத்தி, 134-ன் மடங்கு விதியையும் சேர்த்து ஓட்டினேன். ஒரு செகண்டுக்குள்ள 193707721-னு வந்து நின்னுச்சு. மூணு வருஷம், ஒரே செகண்டுல. சந்தோஷப்பட்டிருக்கணும். ஆனா, போன வாரமும் இதே மெஷின்தானே இதே வேகத்துல ஏழை எடுத்து நீட்டுச்சு?

அதனால ஞாயித்துக்கிழமை காலையில கிரிக்கெட்டுக்குப் போகலை. கோடு போட்ட நோட்டு, பால்பாயின்ட் பேனா. மேலே 12 இலக்கம், கீழே 9 இலக்கம். மொத்தம் 108 குட்டிப் பெருக்கல். முடிச்சுட்டு ஒரு பழைய தந்திரத்தால சரிபார்த்தேன். எண்ணோட இலக்கங்களை ஒரே இலக்கம் மிஞ்சற வரைக்கும் கூட்டணும். 193707721-க்கு 37, அப்புறம் 10, அப்புறம் 1. இன்னொண்ணுக்கு 64, 10, 1. ஒண்ணை ஒண்ணால பெருக்கினா ஒண்ணு. ஆக, விடையோட இலக்கங்களும் கடைசியில 1-ல முடியணும். என் விடைக்கு வந்தது 4. எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன்! மறுபடி முதல்ல இருந்து. ரெண்டாவது தடவை 109, 10, 1. ஒவ்வொரு இலக்கமா ஒத்துப் பார்த்தேன். 147573952589676412927. மெஸ்ல சாப்பாடு தீர்ந்து போயிருந்தது. பரவாயில்லை.

சிம்போசியத்துல டிக் மார்க் இருந்த ஸ்லைடை எடுத்துட்டு, அந்த நோட்டுப் பக்கத்தை ஸ்கேன் பண்ணிப் போட்டேன். '7' கதையையும் மறைக்காமச் சொன்னேன். பரிசு எதுவும் கிடைக்கலை. ஆனா, முன் வரிசையில இருந்த ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு, நான் பேசி முடிக்கிற வரைக்கும் தலையை நிமிர்த்தாம நோட்டுல ஏதோ எழுதிக்கிட்டே இருந்தா. போர் அடிச்சு படம் வரையறா போலனு நினைச்சுக்கிட்டேன்.

மறுநாள் கேன்டீன் வாசல்ல அந்தப் பொண்ணு ஒரு பேப்பரை நீட்டினா.

'அண்ணா, நானும் பெருக்கிப் பார்த்தேன். சரியாத்தான் வருது!'